சின்ன மின்காருக்குப் பேட்டரி: ரேஞ்சைப் பார்ப்பதா, செல்லைப் பார்ப்பதா?

மழைத்துளி எழுதியது:

சின்ன மின்கார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு நாள் ஓட்டம் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது. நான்கு பேர் உட்கார வேண்டும், குறுகலான இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தேவை.

மூன்று வண்டிகள் மனதில் இருக்கின்றன. முதலாவது பத்து வருடத்துக்கு மேல் ஆனது, 16 யூனிட் பேட்டரி. இரண்டாவது புதிது, 17 யூனிட் சொச்சம், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல். மூன்றாவது மூன்று வருடப் பழசு, 26 யூனிட், என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) செல். (கிலோவாட்-மணியைத்தான் யூனிட் என்கிறேன், மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்.) ரேஞ்சை வைத்துப் பார்த்தால் மூன்றாவதுதான் ஜெயிக்கிறது. ஆனால் எல்எஃப்பி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு என்று ஒருவர் சொல்கிறார், குளிரில் அது உதவாது என்று இன்னொருவர், எட்டு வருடத்தில் எந்தப் பேட்டரியும் செத்துவிடும் என்று வேறொருவர். பேட்டரி வேதியியல் எனக்குத் தெரியாது. எதை வைத்து முடிவெடுப்பது?

கியர்பாக்ஸ் எழுதியது:

26 யூனிட். யோசிக்க என்ன இருக்கிறது? டாங்கி பெரிதாக இருந்தால் அடிக்கடி பங்கில் போய் நிற்க வேண்டாம். மற்றதெல்லாம் பொறியாளர்கள் பேசிப் பொழுது போக்குவதற்கு.

செல்மாறன் எழுதியது:

டாங்கிக் கணக்கு பாதி தூரம்தான் வரும் சார். பெட்ரோல் டாங்கியை எத்தனை முறை நிரப்பினாலும் அது சுருங்காது. பேட்டரி நிரம்பிக் காலியாகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. பெரிய பேட்டரி தேவையா, சின்னது போதுமா என்ற கேள்வியில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மழைத்துளி, ஒரு எளிய கணக்கு. ஒரு முழுச் சார்ஜில் நிஜமாக 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 1000 முழுச் சுழற்சி வேண்டும். 400 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதே தூரத்துக்கு 250 போதும். இரண்டிலும் ஒரே செல் இருந்தாலும், சின்ன வண்டியின் செல் நான்கு மடங்கு வேலை செய்கிறது. 'இன்னார் கார் மூன்று லட்சம் ஓடியும் பேட்டரி பத்து சதவீதம்கூடக் குறையவில்லை' என்று வரும் கதைகள் பெரும்பாலும் பெரிய பேட்டரி வண்டிகளின் கதைகள். அதைச் சின்ன வண்டிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அப்புறம் கரண்ட். ஒரு பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் வேகத்தை 1சி என்பார்கள். 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது ஒரு சின்ன வண்டிக்குச் சுமார் 15 கிலோவாட் தேவைப்படும் என்று வையுங்கள். 16 யூனிட் பேட்டரிக்கு அது கிட்டத்தட்ட 1சி. 60 யூனிட் பேட்டரிக்கு அது 1சி-யில் கால் பங்கு. ரோடு அதே, வேகம் அதே, ஆனால் சின்னப் பேட்டரியின் செல் மூச்சிரைக்க ஓடுகிறது. மிதியை முழுக்க மிதித்தால் இன்னும் மோசம். 49 கிலோவாட் மோட்டாரை 16 யூனிட்டில் ஓட்டினால் 3சி.

அதனால் பெரிய வண்டியில் சுமாரான செல்லை வைத்தும் ஒப்பேற்றிவிடலாம். சின்ன வண்டியில் முடியாது. செல்லின் வேதியியலும் அதைக் குளிர்விக்கும் விதமும் மிக அதிகமாகக் கணக்கில் வருவது சின்ன வண்டியில்தான். விளம்பரத்தில் இது தலைகீழாக இருக்கிறது. விலை உயர்ந்த பெரிய வண்டிக்குத்தான் திரவக் குளிர்விப்பு, சூடேற்றி எல்லாம். சின்னதுக்கு ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் காற்றும்.

ஓம்விதி எழுதியது:

செல்மாறன் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. செல்லுக்குள் எழும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு செல்லிலும் கரண்ட் நான்கு மடங்கானால் அந்தச் செல்லின் வெப்பம் பதினாறு மடங்கு. செல்களின் எண்ணிக்கை கால் பங்காக இருப்பதால் பேட்டரியின் மொத்த வெப்பம் நான்கு மடங்கில் நிற்கும். ஆனால் செல்லுக்கு அது ஆறுதல் இல்லை, அதன் தலையில் விழுவது பதினாறுதான்.

கியர்பாக்ஸ் எழுதியது:

சரி, உங்கள் கணக்குப்படியே 26 யூனிட் 16 யூனிட்டை விட நல்லதுதானே? நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்.

செல்மாறன் எழுதியது:

ஒரே வேதியியல், ஒரே குளிர்விப்பு என்றால் ஆமாம், பெரிதுதான் நல்லது. வேதியியல் மாறினால் கணக்கும் மாறும். இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது: மிட்சுபிஷி ஐ-மீவ்.

2009-ல் ஜப்பானில் முதலில் நிறுவனங்களுக்கு, 2010-ல் பொதுமக்களுக்கு என்று விற்பனைக்கு வந்த வண்டி. ஐரோப்பாவில் பெஜோ ஐயான், சித்ரோயன் சி-ஜீரோ என்று வேறு பெயர்ப்பலகையோடு ஓடியதும் இதுதான். 50 ஆம்பியர்-மணிச் செல்கள் 88, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில், 330 வோல்ட், 16 யூனிட். (மழைத்துளியின் முதல் வண்டியும் இந்த ரகம்தான் என்று தோன்றுகிறது.) செல்லின் நேர்மின்வாயில், அதாவது பிளஸ் பக்கம், மாங்கனீஸ் வகைப் பொருள். மாங்கனீஸ் செல் விலை குறைவு, கரண்டை நன்றாகத் தரும். ஆனால் சூடானால் மாங்கனீஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்மின்வாய், அதாவது மைனஸ் பக்கம் போய்ப் படியும். அங்கே கிராஃபைட் மேல் இருக்கும் மெல்லிய படலத்தை அது கெடுக்கும், படலம் தடிக்கும், வேலை செய்ய வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது ஆகாது.

2011-ல் அதே வண்டியில் எம் என்று ஒரு மலிவு வகை ஜப்பானில் வந்தது. அதில் தோஷிபாவின் எஸ்சிஐபி செல். இங்கே எதிர்மின்வாயில் கிராஃபைட்டே கிடையாது, லித்தியம் டைட்டனேட், சுருக்கமாக எல்டிஓ. பேட்டரி 10.5 யூனிட் மட்டும். ஜப்பானின் ஜேசி08 சோதனைப்படி 16 யூனிட் வண்டிக்கு 180 கிலோமீட்டர், இதற்கு 120. ரேஞ்சைப் பார்ப்பவர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஆனால் கிராஃபைட் எதிர்மின்வாய் லித்தியம் உலோகத்தின் மின்னழுத்தத்துக்கு மிக அருகில் வேலை செய்கிறது, சுமார் 0.1 வோல்ட் மேலே. குளிரிலோ அவசரமாகவோ சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே நுழையாமல் மேலே உலோகமாகப் படிந்துவிடும். டைட்டனேட் வேலை செய்வது 1.55 வோல்ட்டில். அங்கே லித்தியம் படிவதற்கு வழியே இல்லை, அந்தப் படலத் தொல்லையும் பெரிதாக இல்லை. அதோடு லித்தியம் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதன் படிகம் வீங்குவதில்லை. அதனால் வேகச் சார்ஜரில் 80 சதவீதம் ஏற்ற அந்த 10.5 யூனிட்டுக்குச் சுமார் 15 நிமிடம், 16 யூனிட்டுக்கு அரை மணி. சுழற்சி ஆயுளும் சாதாரண லித்தியம் செல்லைப் போல் பல மடங்கு.

இரண்டில் ஒன்றைப் பழைய வண்டியாக எடுக்கச் சொன்னால், தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நான் கொடுப்பது 10.5 யூனிட் வண்டிதான்.

தாமிரக்கம்பி எழுதியது:

அண்ணா, எல்டிஓ அவ்வளவு நல்லது என்றால் ஏன் எந்தக் காரிலும் காணோம்?

ஓம்விதி எழுதியது:

எடையும் விலையும். என்எம்சி செல் 3.6, 3.7 வோல்ட், எல்எஃப்பி 3.2. எல்டிஓ வெறும் 2.3. அதே யூனிட்டுக்கு எடை ரொம்பக் கூடும். எல்எஃப்பி செல் ஒரு கிலோவுக்கு 160 வாட்-மணிக்கு மேல் தருகிற காலத்தில் எல்டிஓ நூறை எட்டவே சிரமப்படுகிறது. 2012-ல் வந்த ஹோண்டா ஃபிட் ஈவி 20 யூனிட் எஸ்சிஐபி-யோடு வந்தது, பெருமளவில் விற்கப்படவில்லை. பிறகு அந்தச் செல் போய்ச் சேர்ந்த இடம் சுசுகியின் மைல்டு ஹைப்ரிட் வண்டிகள், அதாவது பெட்ரோல் எஞ்சினுக்குச் சின்ன மோட்டார் ஒன்று கைகொடுக்கும் வண்டிகள். பிரேக் பிடிக்கும்போது சட்டென்று வாங்கி, கிளம்பும்போது சட்டென்று கொடுக்கும் சின்னப் பேட்டரி. அந்த வேலைக்கு அது கச்சிதம்.

கியர்பாக்ஸ் எழுதியது:

ஆக, கடையில் இல்லாத செல்லைப் பற்றி இவ்வளவு பேச்சு. அவர் கேட்டது மூன்று வண்டிகளைப் பற்றி.

நீலவண்டி எழுதியது:

நான் எல்எஃப்பி சின்ன வண்டி ஓட்டுபவன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நிறைகள் இருக்கட்டும், ஒரு குறையைச் சொல்கிறேன். ஒரு மாலை வீட்டுக்குத் திரும்பும்போது மீட்டரில் 19 சதவீதம் காட்டியது, ஒரு சிக்னலில் நின்று கிளம்பியதும் 7 ஆகிவிட்டது. கை நடுங்கிவிட்டது. சர்வீஸில் கேட்டால் 'சாஃப்ட்வேர் சார்' என்றார்கள். அதற்குப் பிறகு மீட்டரை நம்பவே தோன்றவில்லை. என்எம்சி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்படி நடக்கிறதா?

செல்மாறன் எழுதியது:

நடக்கும், ஆனால் அரிது. உங்களுக்கு நடந்தது எல்எஃப்பி-யின் சுபாவம், அதோடு சார்ஜ் செய்யும் பழக்கமும் சேர்ந்தது. நீங்கள் தினமும் 80-லேயே நிறுத்திவிடுபவரா?

நீலவண்டி எழுதியது:

ஆமாம். எல்லாரும் 80-க்கு மேல் ஏற்றாதே என்றுதானே சொல்கிறார்கள்?

செல்மாறன் எழுதியது:

அது என்எம்சி-க்குச் சொன்ன அறிவுரை, ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

என்எம்சி செல்லின் வோல்டேஜ் சார்ஜ் குறையக் குறையச் சாய்வாக இறங்கும். வோல்டேஜைப் பார்த்தாலே எவ்வளவு மிச்சம் என்று பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) ஓரளவு சொல்லிவிடும். எல்எஃப்பி அப்படி இல்லை. நடுவில் வெகுதூரத்துக்கு அதன் கோடு கிட்டத்தட்டத் தட்டை. 70-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குதான். அதனால் பிஎம்எஸ் உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். சென்சாரில் இருக்கும் இம்மியளவு பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். கோடு திடீரென்று வளைவது இரண்டு முனைகளில் மட்டும்தான், முழுதாக நிரம்பும்போதும் காலியாகப் போகும்போதும். உங்கள் வண்டி பல வாரங்களாக மேல்முனையைப் பார்க்கவில்லை. கீழ்முனையை நெருங்கியதும்தான் உண்மை தெரிந்தது, 19 உடனே 7 ஆனது.

வாரத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, நிரம்பிய பிறகும் கொஞ்ச நேரம் பிளக்கில் விடுங்கள். செல்களைச் சமன் செய்யும் வேலையும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான் நடக்கிறது. அதிகமாக நிரம்பிய செல்லின் கரண்டை ஒரு சின்ன ரெசிஸ்டரில் எரித்து மற்றவற்றின் மட்டத்துக்குக் கொண்டுவருவது, மெதுவான வேலை. உங்கள் வண்டிக் கையேட்டிலும் இது எங்காவது ஒரு மூலையில் இருக்கும். டெஸ்லாவும் எல்எஃப்பி வண்டிக்காரர்களுக்கு இதையேதான் சொல்கிறது.

ஓம்விதி எழுதியது:

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்எஃப்பி-க்கு 100 சதவீதம் தீங்கே இல்லை என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. நேர்மின்வாய் பக்கம் மின்னழுத்தம் குறைவு என்பதால் என்எம்சி அளவுக்குத் தொல்லை இல்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் அதிலும் கிராஃபைட்தான். நிரம்பிய கிராஃபைட், கூடவே சூடு, கூடவே நாள்கணக்கில் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் எல்எஃப்பி-யும் தேயும். நிறையுங்கள், ஆனால் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறையும்படி நேரம் வையுங்கள். வெள்ளி இரவு நிரப்பிவிட்டுத் திங்கள் வரை மொட்டை வெயிலில் விட வேண்டாம்.

செல்மாறன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சின்ன வண்டியில் 80-லேயே நிறுத்துவது என்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். 400 கிலோமீட்டர் வண்டிக்காரர் 80-ல் நிறுத்தினால் 320 மிச்சம். 120 கிலோமீட்டர் வண்டிக்காரருக்கு 96, அதில் கடைசிப் பத்து சதவீதத்தைப் பயத்துக்கு ஒதுக்கினால் 84. ஏசி போட்டால் இன்னும் கீழே. குளிர் நாட்டில் சாதா சுருள் சூடேற்றி மட்டும் உள்ள வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அது சில கிலோவாட் இழுக்கும், 16 யூனிட்டில் அதற்கு மட்டும் எத்தனை யூனிட் போகும் பாருங்கள். அதனால் முழுதாக நிரப்பினாலும் பெரிதாக முகம் சுளிக்காத எல்எஃப்பி சின்ன வண்டிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. எடை கூடுதல் என்ற குறையும் பேட்டரி சின்னது என்பதால் பெரிதாகத் தெரிவதில்லை.

எல்எஃப்பி புதுச் சரக்கும் இல்லை. 1997-ல் டெக்சாஸில் ஜான் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்டது. மாங்கனீஸ் செல்லின் தொடக்கத்திலும் அவர் ஆய்வகம் இருக்கிறது, எண்பதுகளில். மழைத்துளியின் முதல் இரண்டு வண்டிகளும் ஒரே மனிதரின் இரண்டு வேலைகள் என்றும் சொல்லலாம்.

மழைத்துளி எழுதியது:

படிக்கப் படிக்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் தலையும் சுற்றுகிறது. குளிரில் எல்எஃப்பி உதவாது என்றது உண்மையா? அப்புறம், பழைய வண்டிக்காரர் '160 கிலோமீட்டர் ரேஞ்சு' என்று சத்தியம் செய்கிறார்.

ஓம்விதி எழுதியது:

குளிர்: பாதி உண்மை. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும் ஆபத்து கிராஃபைட் உள்ள எல்லாச் செல்லுக்கும் உண்டு, என்எம்சி உட்பட. எல்எஃப்பி-யின் உள்தடை குளிரில் கூடுதலாக ஏறுகிறது, அதனால் வேகச் சார்ஜ் மந்தமாகும், பிரேக்கில் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறையும். பனி விழும் இடம் என்றால் பேட்டரிச் சூடேற்றி இருக்கிறதா என்று கேளுங்கள். பனியே பார்க்காத இடம் என்றால் இந்தக் கவலையை விடுங்கள், வெப்பத்தைக் கவனியுங்கள்.

160: பழைய சோதனைமுறைகள் தாராள மனசுக்காரர்கள். ஐ-மீவ் முதலில் வந்தபோது ஜப்பானின் 10-15 என்ற பழைய சோதனைமுறையில் 160 கிலோமீட்டர். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ அதே 16 யூனிட் வண்டிக்குக் கொடுத்தது 62 மைல், அதாவது 100 கிலோமீட்டர். பேட்டரி புதிதாக இருந்தபோதே இப்படி. இப்போது அதில் 70 சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொண்டால் 70 கிலோமீட்டர். உங்கள் ஐம்பதுக்கு அதுவே போதலாம், ஆனால் அவர் சத்தியத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் எழுதியது:

உத்தரவாதத்தை யாரும் பேசவில்லையே. எட்டு வருடம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று பல நிறுவனங்கள் எழுதித் தருகின்றன. அப்புறம் என்ன பயம்?

செல்மாறன் எழுதியது:

நல்ல கேள்வி சார். அந்த உத்தரவாதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேசும். 400 கிலோமீட்டர் வண்டியில் 70 சதவீதம் என்றால் 280, யாரும் அழ மாட்டார்கள். 120 கிலோமீட்டர் வண்டியில் 84. காகிதத்தில் பேட்டரி நலம், ஓட்டுபவருக்குத்தான் நலமில்லை. உத்தரவாதம் இருக்கட்டும், ஆனால் 70 சதவீதத்தில் உங்கள் அன்றாட ஓட்டம் நிறைவேறுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். நிறைவேறும் என்றால் அந்தச் சின்னப் பேட்டரி உங்களுக்குப் போதும்.

வெப்பத்துக்கு ஒரு பாடம் நிசான் லீஃப். முதல் தலைமுறை, 24 யூனிட், மூடிய பெட்டி, விசிறிகூடக் கிடையாது. 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய வண்டிகள் வேகமாகக் கொள்ளளவை இழந்தன, வழக்கு வரை போனது. நிறுவனம் கொள்ளளவுக்குத் தனி உத்தரவாதம் கொடுத்தது, பிறகு வெப்பம் தாங்கும் செல்லைக் கொண்டுவந்தது. அதே நிசான் 2022-ல் சகுரா என்ற குட்டி வண்டியை விட்டபோது 20 யூனிட் பேட்டரியையும் ஏசி குளிர்வாயுவைக் கொண்டே குளிர்விக்கும்படி செய்தார்கள். 180 கிலோமீட்டர் ரேஞ்சு உள்ள வண்டிக்கு இந்த மெனக்கெடல். பாடம் படித்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

எனவே மூன்றாவது வண்டியைப் பார்க்கப் போகும்போது '26 யூனிட்டா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், பேட்டரியை எது குளிர்விக்கிறது என்று கேளுங்கள். வெறும் காற்று என்றால், கோடையில் வேகச் சார்ஜரிலேயே வாழ்ந்த வண்டியா என்பதையும் கேளுங்கள்.

தாமிரக்கம்பி எழுதியது:

என் யோசனை வேறு. அந்தப் பத்து வருட வண்டியை மலிவாக எடுத்து, பழைய செல்களைக் கழற்றிவிட்டு எல்எஃப்பி செல்களைப் போட்டால்? இரண்டு பக்கமும் லாபம். செல்மாறன் அண்ணா என்ன சொல்கிறீர்கள்?

செல்மாறன் எழுதியது:

தம்பி, முதலில் 330 வோல்ட் டிசி. தொட்டால் உயிரையே எடுத்துவிடும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றி இணைப்பைத் துண்டித்தாலும் செல்கள் தங்களுக்குள் தொடரில்தான் நிற்கும், ஆபத்தான வோல்டேஜ் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பயிற்சியும் 1000 வோல்ட் கையுறையும் இல்லாதவர் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டாவது, அப்படியே திறந்தாலும் கணக்கு உதைக்கும். பழையது 88 செல், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.1 வோல்ட், மொத்தம் 360. அதே 88 இடத்தில் எல்எஃப்பி போட்டால் சாதாரணமாக 281, பிடித்து ஏற்றினாலும் 321. பேட்டரி நிரம்பியிருக்கும்போதே வண்டியின் மூளை 'காலியாகிக்கொண்டிருக்கிறது' என்று நினைக்கும். 330-ஐ எட்ட வேண்டுமானால் 103 செல் வேண்டும், அதற்கு இடமும் இல்லை, கூடுதல் செல்களைக் கண்காணிக்கப் பலகையும் இல்லை. மேலே சொன்ன தட்டைக் கோடு வேறு இருக்கிறது, அந்தப் பழைய பிஎம்எஸ் சாய்வான கோட்டுக்காகவே எழுதப்பட்டது. செல் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதே வோல்டேஜ் குடும்பத்துச் செல்லைத்தான் போட வேண்டும். அதையும் அந்த வேலை தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

நீலவண்டி எழுதியது:

பழைய வண்டியின் பேட்டரியை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? டாஷ்போர்டில் வரும் சதவீதம் போதுமா?

செல்மாறன் எழுதியது:

போதவே போதாது. இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான்.

ஐ-மீவ் போன்ற வண்டியில் 88 செல்லும் ஒற்றை வரிசை. பெரிய வண்டிகளில் இரண்டு, மூன்று செல்களைப் பக்கவாட்டில் இணைத்து, அந்தக் கூட்டங்களைத் தொடரில் வைத்திருப்பார்கள். ஒன்று சோர்ந்தால் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் தாங்கும். ஒற்றை வரிசையில் தாங்க ஆளில்லை. 87 செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் பாதிக் கொள்ளளவுக்கு வந்துவிட்டால், மொத்தப் பேட்டரியும் பாதிதான். அந்த ஒன்று தரையைத் தொட்டதும் பிஎம்எஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த வண்டியில் மீட்டர் பக்கம் ஒரு ஆமை விளக்கு எரியும், அப்புறம் வண்டியும் ஆமைதான்.

ஓபிடி புளூடூத் கருவி (வண்டியின் பழுதறியும் சாக்கெட்டில் மாட்டுவது) ஒன்றும், செல் வாரியாக வோல்டேஜ் காட்டும் செயலி ஒன்றும் வேண்டும். ஐ-மீவ் குடும்பத்துக்குக் கேனியான் என்ற செயலியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பிய பேட்டரியில் எல்லாச் செல்லும் ஒன்றுபோலத்தான் காட்டும், விற்பவர் காட்டும் படமும் அதுதான். அதில் மயங்காமல் ஓட்டுங்கள். மீட்டர் கால் பங்குக்குக் கீழே இறங்கியதும் ஒரு மேட்டில் நன்றாக அழுத்தி மிதித்து, ஓட்டாத ஆள் ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் செல்லும் சேர்ந்து இறங்கினால் முதுமை, அது பரவாயில்லை. ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றை விட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுந்தால் அங்கேதான் நோய். நின்ற பிறகு அவை திரும்ப மேலே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும், அதனால்தான் நிறுத்திவைத்துப் பார்த்தால் தெரிவதில்லை.

விற்பவர் 'நேரமில்லை, ஏற்கெனவே சோதித்தாயிற்று' என்றால் நானாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

கியர்பாக்ஸ் எழுதியது:

சோடியம் பேட்டரி வரப்போகிறது, அதுவரை பொறுத்தால் என்ன?

ஓம்விதி எழுதியது:

வந்தேவிட்டது, அதுவும் சின்ன வண்டியில்தான் முதலில். 2023-ல் சீனாவின் ஜேஏசி குழு, ஹைனா நிறுவனத்தின் சோடியம் செல்லை வைத்து 25 யூனிட்டில் ஒரு குட்டி வண்டியைக் காட்டியது, 252 கிலோமீட்டர் என்றார்கள். சோடியம் செல்லில் எதிர்மின்வாய்க்கும் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போடலாம், பூஜ்ஜிய வோல்ட் வரை இறக்கி அனுப்பலாம், குளிரையும் நன்றாகத் தாங்கும். எடைக்கு எடை எல்எஃப்பி-யை விடக் குறைவாகத்தான் தரும். அது பிறந்த நேரம்தான் சரியில்லை. 2022-ல் லித்தியம் விலை உச்சியில் இருந்தபோது எல்லாரும் சோடியத்தைத் தேடினார்கள், 2023-ல் லித்தியம் விலை சரிந்ததும் அவசரம் போய்விட்டது. இன்று வண்டி தேவைப்படுபவர் அதற்காகக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

மழைத்துளி எழுதியது:

இரண்டாவது வண்டி, 17 யூனிட் எல்எஃப்பி, என்று முடிவுக்கு வருகிறேன். 70 சதவீதத்துக்குத் தேய்ந்தாலும் ஏசியோடு என் ஐம்பது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய வண்டியின் சொந்தக்காரர் செயலி வைத்துப் பார்க்கவே விடவில்லை. கடைசியாக இரண்டு சந்தேகம். வீட்டுச் சுவர்ப் பிளக்கில் மெதுவாக ஏற்றினால் பேட்டரிக்கு நல்லதா? ஒரு மாதம் வெளியூர் போனால் வண்டியை எப்படி விட்டுப் போவது?

செல்மாறன் எழுதியது:

சுவர்ப் பிளக் 2, 3 கிலோவாட்தான் கொடுக்கும். 17 யூனிட்டுக்கு அது 0.2சி-க்கும் கீழே, செல்லுக்கு எறும்பு கடித்த மாதிரி. அதற்கும் மெதுவாக ஏற்றுவதால் பேட்டரிக்குக் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை. ரொம்பக் குறைத்தால் சார்ஜ் ஆகும்போது விழித்திருக்கும் வண்டியின் மின்னணுச் சாதனங்களே கணிசமான பங்கைத் தின்றுவிடும், மின்கட்டணம்தான் கூடும். ஆனால் பிளக்கும் ஒயரும் பல மணி நேரம் தொடர்ந்து அந்தக் கரண்டைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டால் சுடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஒரு மாதம் நிறுத்துவதானால் பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து, நிழலில் விட்டுப் போங்கள். பிளக்கில் மாட்டி 100-லேயே வைத்திருக்க வேண்டாம். திரும்பி வந்ததும் ஒருமுறை முழுதாக நிரப்பி மீட்டரைச் சரிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நீலவண்டி எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் மழைத்துளி. வண்டியில் இன்னொரு பேட்டரி இருக்கிறது, 12 வோல்ட். பெரும்பாலான வண்டிகளில் அது பழைய ஈயப் பேட்டரியேதான். கதவுப் பூட்டு, மீட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் அதை நம்பித்தான். நீண்ட நாள் நின்றால் முதலில் படுப்பது அது. பெரிய பேட்டரியில் பாதிச் சார்ஜ் இருக்கும், வண்டி மட்டும் கண்ணே திறக்காது. சில வண்டிகள் நிற்கும்போது தாமாகவே அதற்கு ஊட்டிக்கொள்ளும், சிலது ஊட்டாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று டெலிவரி எடுக்கும் அன்றே கேளுங்கள். ஊட்டாத ரகம் என்றால், வெளியூர் போகும்போது வீட்டில் இருக்கும் யாரையாவது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.